கொஞ்சம் பட்டாலும்

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அலுவலகத்தில் அப்படியெல்லாம் சொல்வதில்லை. என்னைக் கண்டதும் பேச்சை மாற்றிவிடுவார்கள், அவ்வளவுதான். இந்தக் கதையில் தப்பு என்னுடையது. அதனால் என் குணத்தை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

படுக்கையிலிருந்து எழுந்து மருத்துவமனைக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே நர்ஸுகளை அனுப்புவது எங்கள் அலுவலகத்தின் வேலை. ஊரை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. நான் அங்கே வரைபடம் பார்ப்பவள். மேப்பம்மா என்று பெயரே வைத்துவிட்டார்கள். கணினித் திரையில் ஊர் முழுவதும் விரிந்து கிடக்கும். ஒவ்வொரு கட்டடமும் அதனதன் வடிவத்தில் சின்னதாக ஒரு கட்டம். ஒரு நோயாளி பதிவானதும் அவர் வீட்டுக் கட்டம் சிவப்பாகும். திங்கட்கிழமை காலையில் இரண்டு குழுக்களும் தங்கள் எல்லையைத் தேர்ந்தெடுத்து, இந்த வாரம் எங்களுக்கு எந்தெந்த வீடு என்று கணினியைக் கேட்பார்கள்.

அது சும்மா பதில் சொல்லாது. எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று திருப்பிக் கேட்கும். எல்லைக்குள் முழுசாக இருக்கும் வீடுகள் மட்டுமா? எல்லைக் கோட்டை வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு நிற்பவை மட்டுமா? அல்லது ஒரு மூலை உள்ளே வந்திருந்தாலும் சரி, எல்லாவற்றையும் சேர்த்தா? மூன்றுக்கும் மூன்று பொத்தான். எதை அமுக்குகிறோமோ அதற்குத் தகுந்த பட்டியல் வரும்.

அந்தப் பொத்தான்களுக்குத் தமிழில் பெயர் வைத்தவள் நான். மென்பொருள் வந்தபோது எல்லாம் வேற்று மொழியில் இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக மாற்றினேன். சந்தேகம் வந்த இடத்தில் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "ரெண்டு கோடு சந்திச்சா வெட்டிக்குதுன்னுதானே சொல்றோம்? ரெண்டு கணத்துக்கும் பொதுவா இருக்கறது வெட்டு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். ஆக, உள்ளடங்கு, தொடு, வெட்டு. பாடப்புத்தகத் தமிழ், ஒரு குற்றம் சொல்ல முடியாது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இரண்டு மாதம் கழித்துப் பெரிய சிஸ்டர் என் மேசைக்கு வந்தார். நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி. அவர் வாசலில் நின்றாலே காய்ச்சல் இறங்கிவிடும் என்று கேலி பேசுவோம், அவர் இல்லாத நேரத்தில்.

"மேப்பம்மா, அந்த வெட்டுன்ற பேர மாத்த முடியாதா? பொண்ணுங்க அதப் பாத்து பயப்படறாங்க."

"ஏழாங்கிளாஸ் பசங்களுக்குப் புரியற வார்த்தை, உங்க சிஸ்டருங்களுக்குப் புரியாதா?" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஜெயித்துவிட்ட மாதிரி நான் டீ குடிக்கப் போனேன். எதற்குப் பயப்படுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு புதன்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடா தொங்கியது, அதைப் போட்டுக்கொண்டு வந்ததே அவருக்குத் தெரியாது போல. கையில் ஒரு துணிப்பை.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். கட்டுத் துணி எத்தன இஞ்சு அகலம் இருக்கணும்?"

பையைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளைப் பருத்தித் துணியில் பட்டை பட்டையாகச் சுருட்டி வைத்திருந்தார். பழைய புடவையைக் கொதிக்கவைத்துக் காயப்போட்டதாம். ஒவ்வொன்றும் கையால் கிழித்தது. பிசிறு காயத்தில் படாதபடி ஓரத்தை உள்ளே மடித்து இஸ்திரி போட்டிருந்தார். தையல்காரர் துணியை ஏன் கிழிக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது. கேட்கவில்லை.

"இதெல்லாம் நீங்க ஏன் செய்யறீங்க? நர்ஸ் வரலயா?"

"வருவாங்கன்னாங்க. பதிவு பண்ணி அஞ்சு வாரம் ஆச்சு. வீட்டம்மாவுக்குக் கால்ல சர்க்கரைப் புண்ணு." குரலில் குறையே இல்லை. "வடக்குக்குப் போன் பண்ணேன். எங்க லிஸ்டுல இல்ல, தெற்கா இருக்கும்னாங்க. தெற்குக்குப் பண்ணேன், வடக்கா இருக்கும்னாங்க. எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க. சரி, ஆளு குறைச்சலா இருக்கும், நம்மளே பாத்துக்கலாம்னு..."

முகவரியைத் தட்டினேன். சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. அதன் நட்டநடுவில், வகிடு எடுத்தாற்போல் வடக்கு தெற்கு எல்லைக்கோடு போயிற்று. அந்த இடத்தில் ஒரு காலத்தில் கால்வாய் ஓடியிருக்கிறது. கால்வாயை மூடி வீடு கட்டிவிட்டார்கள். கோட்டை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. வாசல் அறை வடக்கு, பின்னறை தெற்கு.

முழுசாக உள்ளே இருக்கும் வீடு எது என்று கேட்டால் வடக்கிலும் இந்த வீடு வராது, தெற்கிலும் வராது. ஆனால் இப்படிக் கோட்டின்மேல் நிற்கும் வீட்டுக்குத்தானே மூன்றாவது பொத்தான் இருக்கிறது? அதை ஏன் யாரும் அமுக்கவில்லை?

பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பதைவிடக் கத்தினேன் என்பது சரி. "யாரு இவங்களுக்கு உள்ளடங்கு அமுக்கச் சொன்னது?"

அவர் நிதானமாக வந்து நின்றார். "வேற எத அமுக்கறது? டைப் அடிக்கறப்ப எழுத்தத் தேர்ந்தெடுத்துட்டு வெட்டுன்னு அமுக்கினா என்ன ஆகுது? எழுத்து காணாமப் போகுதில்ல? நானூறு நோயாளிங்களத் தேர்ந்தெடுத்துட்டு எந்தப் பொண்ணு வெட்டுன்னு அமுக்குவா? நோயாளிங்க பேரெல்லாம் அழிஞ்சுபோச்சுன்னா நீங்க அவள வெட்டியிருப்பீங்க."

நான் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டேன். அவர் தொடர்ந்தார்.

"தொடுன்றது மிருதுவா இருக்கேன்னு ஒருத்தி அமுக்கிப் பாத்தா. மூணே வீடு வந்துச்சு, மூணும் அடுத்த குழுவோடது. பயந்து மூடிட்டா. அப்புறம் எல்லாரும் உள்ளடங்குதான். இதச் சொல்லத்தான் அன்னிக்கு உங்ககிட்ட வந்தேன்."

வெட்டு என்பதை அமுக்கினேன். எதுவும் அழியவில்லை. வடக்குப் பட்டியலில் ஏழு வீடு புதிதாக ஏறியது. தெற்கிலும் அதே ஏழு. அன்று மாலைக்குள் ஏழு வீட்டுக்கும் விசாரித்துவிட்டோம். ஐந்து வீட்டில் சண்டை போட்டு எப்படியோ நர்ஸை வரவழைத்திருந்தார்கள். ஒருவர் குணமாகி வேலைக்கே போய்க்கொண்டிருந்தார். சண்டை போடத் தெரியாத ஒரே வீடு தையல்காரர் வீடு.

பெரிய சிஸ்டரும் நானும் அவரோடேயே கிளம்பிப் போனோம். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்க முடியவில்லை, போனேன்.

வாசல் அறைதான் தையல் கடை. நீள மேசை, மிதிக்கும் மிஷின், சுவரில் காகித அச்சுகள். அலமாரியில் வாடிக்கையாளர் துணிகள் கட்டுப் பிரிக்காமல் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. மேசைக்கு மேலே ஆணியில் பெரிய கத்தரிக்கோல் ஒன்று, துண்டைச் சுற்றித் தொங்கவிடப்பட்டிருந்தது. இதைத் தாண்டி நடு அறையில் கட்டில். அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் தலையைச் சரிசெய்துகொண்டார்.

"கட்டுத் துணி அகலம் கேக்கப் போனவரு ஆளையே கூட்டிட்டு வந்துட்டாரா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அக்கா என்று கூப்பிடத்தான் தோன்றியது.

பெரிய சிஸ்டர் கையுறை போட்டுக்கொண்டு கட்டைப் பிரித்தார். வலது பாதம், பெருவிரலுக்குக் கீழே. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். பிறகு, பார்க்கத்தானே வந்தேன் என்று திரும்பிப் பார்த்தேன்.

"யாரு கட்டினது? எங்க பொண்ணுங்க கட்டறதவிட நல்லா இருக்கு. சுத்தமா வெச்சிருக்கீங்க. ஆனா செத்த தோல எடுக்காம புண்ணு மூடாது. மறுபடி டாக்டர எப்பப் பாக்கணும்?"

"பதினெட்டு நாள் இருக்கு" என்றார் தையல்காரர்.

"அதுக்குள்ள ஆற ஆரம்பிக்கணும். இல்லன்னா டாக்டரு..." பெரிய சிஸ்டர் பாதியில் நிறுத்தினார். தையல்காரர் வெந்நீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "அந்த வார்த்தைய அவரு முன்னாடி சொல்லாதீங்க. ஆஸ்பத்திரியில டாக்டரு, முன்பாதத்த வெட்ட வேண்டி வரலாம்னு சொன்னதுலேருந்து இவரு கத்தரிக்கோலத் தொடல. முப்பத்தோரு வருஷமா அவரு வெட்டுவாரு, நான் மிதிப்பேன். இந்தக் காலாலதான். துணிய விரிச்சுக் கோடு போட்டுட்டு, வெட்டட்டுமான்னு இங்க பாத்து ஒரு குரல் குடுப்பாரு. நான் அளவு நோட்டப் பாத்து, வெட்டுங்கன்னு சொல்லுவேன். ஒரு தடவ கேக்காம வெட்டி ஒரு கல்யாணக் கோட்டு பாழாப் போச்சு, அதுலேருந்து அப்படி. இப்ப காய்கறியக்கூட எனக்குத் தெரியாம பின்னாடி போய் நறுக்கறாரு. நறுக்கறேன்னுகூடச் சொல்றதில்ல, சமையல் பண்றேங்கறாரு."

கிழித்த பட்டைகள் எனக்கு அப்போதுதான் புரிந்தன. இந்த வீட்டில் யாருமே சொல்லத் துணியாத ஒரு வார்த்தையை நான் ஒரு பொத்தானில் எழுதிவைத்து, அதற்காக அவர்களுக்கு ஐந்து வார மருத்துவத்தை இல்லாமல் பண்ணியிருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க எனக்குத் தெரியாது. பொத்தான், பாடப்புத்தகம், பெரிய சிஸ்டரிடம் நான் பேசிய பேச்சு, எல்லாம். பெரிய சிஸ்டர் புண்ணிலிருந்து தலையைத் தூக்கவில்லை. என்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். அக்கா கேட்டது வேறு. "அந்தப் பொத்தான அமுக்கினா நெஜமா என்ன ஆகும்?"

போர்வையில் கட்டிலுக்குக் குறுக்கே, அவர் முழங்கால் பக்கமாக விரலால் ஒரு கோடு இழுத்தேன். "இதுதான் எல்லைன்னு வெச்சுக்குங்க அக்கா. உங்க தல தெற்குல, கால் வடக்குல. தெற்குக்காரங்க முழுசா எங்களுக்குள்ள இருக்கறவங்க யாருன்னு கேட்டா நீங்க வரமாட்டீங்க, கால் வெளிய இருக்கு. வடக்குக்காரங்க கேட்டாலும் வரமாட்டீங்க. அந்தப் பொத்தான அமுக்கினா ரெண்டு பேருக்கும் வருவீங்க."

அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதாவது, கொஞ்சம் பட்டாலும் நம்மாளுன்னு எடுத்துக்கறது."

"ஆமாக்கா."

"அப்ப அப்படியே எழுத வேண்டியதுதானே, கண்ணு. கொஞ்சம் பட்டாலும்னு."

மூன்று ஞாயிற்றுக்கிழமை, இரண்டு அகராதி, ஒரு கணக்கு வாத்தியார். ஒருவருக்கும் தோன்றாதது. அன்று சாயங்காலமே மாற்றினேன். முழுசாக உள்ளே. ஓரத்தை ஒட்டி மட்டும். கொஞ்சம் பட்டாலும். வீட்டுக்காரர் திரையை எட்டிப்பார்த்துவிட்டு, "கணக்குல இப்படி ஒரு வார்த்தையே கெடையாது" என்றார். "கணக்கு தெரியாதவங்களும் அமுக்கணுமில்ல" என்றேன். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

திங்கட்கிழமை அடுத்த கூத்து. தையல்காரரிடமிருந்து போன். "மேடம், வாசல்ல ரெண்டு சிஸ்டர் வந்து நிக்கறாங்க. யார உள்ள விடறது?" கொஞ்சம் பட்டாலும் என்றால் இரண்டு பட்டியலிலும் வரும் என்று நான்தானே போர்வையில் கோடு போட்டுக் காட்டினேன். அதை அலுவலகத்தில் சொல்ல மறந்துவிட்டேன். போனில் பின்னாலிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. "ரெண்டு பேரையும் விடுங்க. அஞ்சு வாரத்துக்குச் சேத்து வந்திருக்காங்க."

புண்ணுக்கு வாரம் இரண்டு தடவை கட்டு மாற்ற வேண்டும் என்று பெரிய சிஸ்டர் கணக்குப் போட்டார். திங்கள் வடக்கு, வியாழன் தெற்கு. மற்ற வீடுகளை ஏதாவது ஒரு குழுவுக்கு ஒதுக்கினோம். இந்த ஒரு வீட்டை மட்டும் இரண்டிலும் விட்டுவைத்தோம். விதியில் அதற்கு இடமில்லை. நான் யாரையும் கேட்கவுமில்லை.

வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் நானும் அங்கே எட்டிப்பார்ப்பது வழக்கமாயிற்று. சும்மா போக வெட்கமாக இருந்ததால், முதல் வாரம் வீட்டுக்காரருக்குச் சட்டைத் துணி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். தையல்காரர் அதை வாங்கி, அளவு எழுதி, மற்றத் துணிகளோடு அலமாரியில் வைத்துவிட்டார். எப்போது கிடைக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு வியாழன் நர்ஸ் தடியான கம்பளித் துணி ஒன்று கொண்டுவந்திருந்தாள். பாதத்தின் அளவுக்கு அதை வெட்டி, புண் இருக்கும் இடத்தில் ஓட்டை விட்டுக் கட்டினால் புண்ணில் பாரம் விழாது. "அண்ணா, இது உங்க வேலைதான்" என்று நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "நீங்களே பண்ணுங்கம்மா." அவள் தன் சின்னக் கத்தரிக்கோலால் கடித்துக் குதறினாள். அவர் பக்கத்தில் நின்று, இங்கே, இப்படி என்று விரலால் கோணலைக் காட்டினாரே ஒழிய, கத்தரிக்கோலைத் தொடவில்லை. கட்டிலிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வலியைவிட அதிகமாக ஏதோ தெரிந்தது.

பதினெட்டாம் நாள் டாக்டர் ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரம் பார்க்கலாம் என்றார். பெரிய சிஸ்டர் அதையே நல்ல செய்தி என்றார். அந்த மூன்று வாரமும் சாம்பலே இல்லாத அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி செய்கிறார்.

மூன்று வாரம் முடிந்த அன்று லீவு போட்டுவிட்டு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவைச் சக்கர நாற்காலியில் உள்ளே கொண்டுபோனார்கள். தையல்காரரும் நானும் நடையில் உட்கார்ந்திருந்தோம். அவர் அளவு நாடாவைக் கழற்றி விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் இருந்ததில்லை.

கதவு திறந்தது. டாக்டர் வாசலிலேயே நின்று சொன்னார். "அடியிலேருந்து நல்லா மூடிட்டு வருது. எதையும் எடுக்க வேண்டியதில்ல. கட்டு மட்டும் விடாமப் போடுங்க."

தையல்காரர் தலையை ஆட்டினார். மறுபடி ஆட்டினார். பிறகு அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாய்விட்டே அழுதேன். அந்தப் பக்கம் போன ஒருவர், யார் தவறிவிட்டார்கள் என்று விசாரித்தார். நான் அவர்மீது எரிந்து விழுந்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கட்டிலில் உட்காரவைத்தோம். நான் கிளம்புவதற்காகப் பையை எடுத்தேன். "இரு, கண்ணு" என்றார் அக்கா. பிறகு வாசல் அறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, வாத்தியார் சட்டைத் துணி ஒரு மாசமா அங்க தூங்குது" என்றார்.

அங்கே அலமாரியில் கட்டுப் பிரியும் சத்தம். நான் கதவோரம் நின்று பார்த்தேன். துணியை மேசைமேல் விரித்தார். உள்ளங்கையால் நீவினார். அச்சை வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டார். ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அக்கா தலைமாட்டிலிருந்து அளவு நோட்டை எடுத்து மடியில் வைத்துப் பக்கத்தைப் புரட்டினார். "என்ன, ஒண்ணும் கேக்காம நிக்கறீங்க? அந்தக் கல்யாணக் கோட்டு கதையாயிடப் போகுது."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவைதான் வந்தது.

"வெட்டட்டுமா?"

"வெட்டுங்க" என்றார் அக்கா. "கை நீளம் அரை இஞ்சு கூடவே வெச்சுக்குங்க, வாத்தியாரு போர்டுல எழுதறவரு."